மற்றவை

ஸ்க்ரூடிரைவர் எனக்குத் தரப்படவில்லை.
நாலாம் வரிசையில் ஓர் இருக்கை,
நூறு பக்க நோட்டு, பென்சில்,
முப்பத்தெட்டு அணிகள்.

செம்பூர்க் கல்லூரியின் உள்ளரங்கில்
மின்விசிறிகள் வெக்கையை இடம் மாற்றிக்கொண்டிருந்தன.
ஆட்டம் ஒன்றுக்கு இரண்டரை நிமிடம்.
எத்தனை வளையம் எடுத்தது, எத்தனை நழுவியது,
கடைசிப் பத்து விநாடியில் கம்பியில் தொங்கியதா,
தொங்குவதுபோல் பாவனை செய்ததா.
பெயர் வேண்டாம் என்றாள் ஆஷ்லேஷா, எங்கள் தலைவி.
எண் போதும்.

தமிழில்தான் எழுதினேன்.
தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பவர்கள் உண்டு.
மராத்தி, இந்தி, ஆங்கிலம்
இங்கே எவருக்கும் திறக்கும் கதவுகள்.
வீட்டில் மளிகைக் கணக்குக்கு மட்டும் வரும் எழுத்து
அன்று பூட்டானது.

2290க்கு அலுமினிய உடம்பு, நீல விளக்கு.
அது வந்தால் அரங்கமே எழுந்து நிற்கும்.
ஓர் ஆட்டத்தில் பதினாறு வளையம்,
அடுத்ததில் இரண்டு,
அதற்கடுத்ததில் சுவரோடு பேசிக்கொண்டு நின்றது.

4187 ப்ளைவுட்.
சமையலறை இழுப்பறையின் தண்டவாளத்தில்
கை ஏறி இறங்கும், ஒவ்வொரு முறையும் முனகும்.
ஏழு, ஏழு, எட்டு, ஏழு.
பட்டியலில் இருபத்து மூன்றாம் இடம்;
குலுக்கலில் வந்த துணைகள் அப்படி.

கடைசிக் கட்டத்துக்கு ‘மற்றவை’ என்று பெயர் வைத்திருந்தேன்.
அதில்:
‘பன்னிரண்டாம் ஆட்டம். கவிழ்ந்தது.
ஓட்டிய பெண் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு
துணை அணிக்குக் கைகாட்டி வழி சொன்னாள்,
மணி அடிக்கும் வரை.’
இதை எந்தக் கூட்டலில் சேர்ப்பது?

இரவு சயானில், மாடிப்படியில் சண்டை.
ஆஷ்லேஷாவுக்கு 2290 வேண்டும்.
ப்ளைவுட் மழையில் ஊறிவிடும் என்றான் ஸ்வானந்த்.
உள்ளரங்கில் என்ன மழை.
ஏழு, ஏழு, எட்டு, ஏழு என்று
நான் வாசித்துக்கொண்டே இருந்தேன்,
எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து
மணி என்ன என்று கேட்கும் வரை.

மறுநாள் மைக்.
எட்டுத் தலைவர்கள் வரிசையாக.
முதலிடத்தார் 2290ஐ எடுத்துக்கொண்டார்கள்,
நீல விளக்கு கைதட்டலுக்குள் போய் மறைந்தது.
மூன்றாமிடத்தார் எங்களை அழைத்தார்கள்.
ஐந்தாமிடத்து எங்களை.

விதி இதுதான்: மறுத்தால்
பிறகு எவரும் உன்னை அழைக்க முடியாது.
நீ அழைக்கலாம்.
ஆஷ்லேஷா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.
நோட்டைப் புரட்டினேன், வேகவேகமாக.
முப்பத்தேழு அணிகளுக்குப் பக்கம் இருந்தது.
எங்களுக்கு இல்லை.

வேண்டாம் என்றாள் அவள்.
பயிற்சியாளர் தலையில் கை வைத்தார்.
எங்கள் முறை வந்ததும்,
என் எழுத்து படிக்கத் தெரியாததால்
மனப்பாடம் செய்திருந்ததை ஒப்பித்தாள்:
நாலு. ஒன்று. எட்டு. ஏழு.

யாரும் எழவில்லை.
கடைசி வரிசையில் ஒருவன்
இயந்திரத்தைச் சாக்கில் இறக்கிக் கட்டிக்கொண்டிருந்தான்.
பல்லில் டேப்பைக் கடித்திருந்த பெண்
கடித்தபடியே ஓடிவந்தாள்.

அரையிறுதியில் ஒன்பது புள்ளியில் தோற்றோம்.
ப்ளைவுட் ஏழு எடுத்தது.
சூடேறி இழுத்தது எங்கள் இடச்சக்கரம்.

கூட்டம் கலைந்தபின்
நாலாம் வரிசைக்கு வந்து உட்கார்ந்தாள்.
ஜெபசெல்வி. தாராவி.
“கவிழ்ந்ததுன்னு எழுதியிருக்க.
கவிழல. படுத்துச்சு. ஒயரு கழண்டுட்டு.”
பூட்டுக்குச் சாவி அவளிடமும் இருந்தது.
“நேத்தே பின்வரிசையில இருந்து படிச்சிட்டேன்.”
“அப்புறம் ஏன் சாக்குல கட்டினீங்க?”
“நம்பல.”

பென்சிலை வாங்கி அந்தச் சொல்லை அடித்தாள்.
வெற்றுப் பக்கம் ஒன்றுக்குப் புரட்டி
மேலே எங்கள் எண்ணைப் போட்டாள்.
இடச்சக்கரம் இழுக்கும், மாத்தணும் என்று எழுதினாள்,
கம்பியில் தொங்கிய தடவைகளை எண்ணிப் போட்டாள்.
‘மற்றவை’யில் வந்ததும் நிறுத்தி
நோட்டைத் திருப்பித் தந்தாள்.
“இன்னும் ரெண்டு ஆட்டம் பாக்கணும்.”

கீழே நாற்காலிகளை மடித்து
ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.